இடது பாக்கெட்டுக்கு ஒரு குட்டி பிஸ்டல்: எதை வாங்கலாம்?

கேட்டி_குமரன் (டெக்சாஸ்)

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு கேஸ் ஸ்டேஷனும் அதோடு ஒட்டிய கடையும் நடத்துகிறேன். இரவு பதினொன்றரைக்குக் கல்லாவை எண்ணி முடித்து, பின்கதவைப் பூட்டி, காருக்கு நடக்கும் அந்த நாற்பது அடிதான் என் நாளிலேயே கஷ்டமான தூரம். ஆறு வருடமாக வலது இடுப்பில் க்ளாக் 19 பிஸ்டல் இருக்கிறது. 2021 செப்டம்பருக்குப் பிறகு டெக்சாஸில் லைசென்ஸ் இல்லாமலே மறைத்து வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. ஆனாலும் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டுதான் வருகிறேன்.

போன மாதம் ஒன்று நடந்தது. பின்கதவை இடது கையால் பூட்டிக்கொண்டிருந்தேன். யாரோ பின்னாலிருந்து வந்து என் வலது தோளைப் பிடித்தார். பாவம், வண்டி நின்றுபோன மனிதர், உதவி கேட்க வந்திருக்கிறார். ஆனால் திரும்பிய அந்த நொடியில் என் வலது கை சுவருக்கும் அவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. இடுப்பில் இருப்பதைத் தொடக்கூட முடியவில்லை. அவர் வேறு எண்ணத்தோடு வந்திருந்தால்? அன்றிலிருந்து இடது பாக்கெட்டில் சின்னதாக ஒன்று வேண்டும் என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

காட்டன் பேன்ட்தான் போடுவேன், முன்பாக்கெட் நல்ல ஆழம். ஐந்நூறு டாலர் வரை செலவழிக்கலாம். மனதில் இருப்பவை: ருகர் எல்சிபி மேக்ஸ், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பாடிகார்ட் 2.0, அதே கம்பெனியின் 642 ரிவால்வர், சிக் பி365. பாக்கெட்டில் வைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

பீனிக்ஸ்_பாலா (அரிசோனா)

எல்சிபி மேக்ஸ், குமரன். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எடை 10.6 அவுன்ஸ், அதாவது 300 கிராம்தான். மேகசினில் 10, சேம்பரில் (குழலின் பின்னறையில்) 1. பத்து வருடம் முன்பு இந்த அளவுப் பிஸ்டலில் ஆறு தோட்டா இருந்தாலே பெரிய விஷயம். 2008-ல் வந்த முதல் எல்சிபியைப் பதினொரு வருடம் வைத்திருந்தேன். அதில் குறிபார்க்கும் சைட் என்பது பெயருக்கு ஒரு சின்ன மேடு. கடைசித் தோட்டா போனதும் ஸ்லைடு (சுடும்போது பின்னால் போய் வரும் மேல்பகுதி) திறந்து நிற்கவும் செய்யாது. மேக்ஸில் இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள்.

பாடிகார்ட் 2.0 அதைவிடக் கொஞ்சம் லேசு, 9.8 அவுன்ஸ், 2024-ல் வந்தது. ட்ரிகர் அதில் இன்னும் நன்றாக இருக்கிறது என்று நானே ஒத்துக்கொள்கிறேன். இரண்டில் எது கைக்குப் பொருந்துகிறதோ அது. பி365 நல்ல பிஸ்டல்தான், ஆனால் அது இடுப்புக்கு. தோட்டா நிரப்பிக் காட்டன் பேன்ட் பாக்கெட்டில் போட்டுப் பாருங்கள், நடக்கும்போது தொடையில் ஆடும்.

முத்தையா_ஆஸ்டின் (டெக்சாஸ்)

தம்பி குமரன், நான் இருபத்தியிரண்டு வருடமாக 642 வைத்திருக்கிறேன், அதனால் என் பேச்சில் சாய்வு இருக்கும், தெரிந்தே கேளுங்கள்.

நீங்கள் சொன்ன அந்த நொடியை யோசித்துப் பாருங்கள். ஒருவன் உடம்போடு உடம்பு ஒட்டி நிற்கிறான். அந்த நெருக்கத்தில் பிஸ்டலின் வாய் எதிராளியின் உடம்பில் அழுந்தினால் ஸ்லைடு பின்னால் தள்ளப்படும், சுடாது. ஒரு முறை சுட்டாலும் ஸ்லைடு துணியில் உரசினால் அடுத்தது சேம்பருக்குள் ஏறாமல் போகலாம். 642-ல் ஸ்லைடே கிடையாது. சுத்தியல் உள்ளுக்குள் மறைந்திருப்பதால் பாக்கெட்டில் சிக்க ஒன்றும் இல்லை. ஒரு தோட்டா வெடிக்கவில்லையா, இன்னொரு முறை ட்ரிகரை இழு, அடுத்த அறை வந்து நிற்கும். பாலா சொல்லும் எல்சிபியில் மருந்து பற்றாத தோட்டா வந்தால் ஸ்லைடை இழுத்துத் தள்ள இன்னொரு கை வேண்டும். உங்கள் இன்னொரு கைதான் சுவரில் மாட்டியிருக்கிறதே.

ஐந்து தோட்டாதான், உண்மை. ட்ரிகர் கனம், அதுவும் உண்மை. பன்னிரண்டு பவுண்டுக்குக் கிட்டே வரும். ஆனால் பாக்கெட்டில் கிடக்கும் துப்பாக்கிக்கு அந்தக் கனம் ஒரு பாதுகாப்பு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பீனிக்ஸ்_பாலா

அண்ணா, 642-ஐ மதிக்கிறேன். ஆனால் புதிதாக வாங்குபவர் அதை எடுத்து ஏழு கஜத்தில் சுட்டுப் பார்த்தால் பாதி தாளுக்கு வெளியே போகும். உதைப்பும் அப்படி. 14 அவுன்ஸ் துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் ப்ளஸ் பி (அழுத்தம் கூடிய தோட்டா) போட்டுச் சுட்டால் உள்ளங்கையில் சுத்தியலால் தட்டின மாதிரி இருக்கும். வாங்கி, ஒரு பெட்டி சுட்டுவிட்டு, அப்புறம் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கே கொண்டுபோகாதவர்கள் எத்தனை பேர் எனக்குத் தெரியும்!

முத்தையா_ஆஸ்டின்

அதற்குத்தான் 148 கிரெயின் வாட்கட்டர் (தட்டை முனை கொண்ட, மென்மையான தோட்டா) இருக்கிறது தம்பி. உதைப்பு பாதியாகிவிடும். ப்ளஸ் பி கட்டாயம் என்று யார் சொன்னது?

பழைய_சார்ஜென்ட் (சான் அன்டோனியோ)

குறிப்பிட்ட மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்த மாவ்னி திட்டத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவன் நான். அந்தத் திட்டம் ஏற்ற மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது, அம்மா கற்றுக்கொடுத்த மொழியால் சீருடை போட்டேன். இப்போது ஓய்வு.

பேக்கப் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் துப்பாக்கி கெட்டுப்போனால் எடுக்க ஒன்று, முதல் துப்பாக்கியை எட்ட முடியாதபோது எடுக்க ஒன்று. இரண்டும் வேறு வேறு. முதல் வகைக்கு எது வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டாவது வகை, ஒரு கையால், அதுவும் பழகாத கையால், எடுத்துச் சுடக்கூடியதாக இருக்க வேண்டும். குமரன் கேட்பது இரண்டாவது.

1986 ஏப்ரல் 11 மயாமி சண்டையைப் படித்திருப்பீர்கள். எட்டு எஃப்பிஐ ஏஜென்ட்கள், இரண்டே கொள்ளையர்கள். ஏஜென்ட்களில் இருவர் இறந்தார்கள், ஐந்து பேர் காயம். அதை முடித்துவைத்த மிரேலஸ் என்ற ஏஜென்ட்டுக்கு ஒரு கை சிதைந்துபோயிருந்தது. பம்ப் ஷாட்கன்னை ஒற்றைக் கையால் இயக்கினார், பிறகு ரிவால்வரை எடுத்து ஒற்றைக் கையாலேயே முடித்தார். அந்தச் சண்டைக்குப் பிறகுதான் எஃப்பிஐ, ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்க்கும் சோதனையைக் கடுமையாக்கியது. குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும், 18-ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்ற அளவு அங்கிருந்து வந்ததே.

எல்சிபி மேக்ஸும் பாடிகார்டும் சுடும் .380 தோட்டா இங்கேதான் தடுமாறும். குட்டைக் குழலிலிருந்து போகும் .380 ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள, பட்டதும் விரியும் குண்டு) பலவும், நன்றாக விரிந்தால் 12-ஐ எட்டுவதில்லை. எட்டினால் விரிந்திருக்காது. எனவே அந்த அளவில் தோட்டாவை விட, குறி முக்கியம். பாலா, முத்தையா அண்ணா இருவரும் சொல்வதில் எதுவும் தவறில்லை, ஆனால் பழகாத இடது கையால் மட்டும் குறி வைத்துச் சுடுவதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

குமரன், ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து, இடது கையால் மட்டும் சுட்டுப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சுகன்யா_பிளேனோ (டெக்சாஸ்)

நான் பெண்களுக்கான கைத்துப்பாக்கி வகுப்பு எடுக்கிறேன், வருடத்துக்குப் பல குட்டிப் பிஸ்டல்களோடு மல்லுக்கட்டுபவர்களைப் பார்க்கிறேன். சார்ஜென்ட் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் எந்த மாடல் என்பதற்கு முன்னால் உறையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

உறை இல்லாமல் பாக்கெட்டில் துப்பாக்கி வைக்கவே கூடாது. ஒரு நாளும். "கொஞ்ச நேரம்தானே" என்பதும் கிடையாது. பாக்கெட் உறை மூன்று வேலை செய்கிறது. ட்ரிகரை முழுசாக மூடுகிறது. துப்பாக்கியை நிமிர்ந்த நிலையில் பிடித்து வைக்கிறது, அதனால் கை போனதும் பிடி ஒரே இடத்தில் கிடைக்கிறது. மூன்றாவது, வெளியிலிருந்து பார்த்தால் துப்பாக்கி வடிவம் தெரியாமல் பணப்பை மாதிரி காட்டுகிறது. நல்ல உறை என்றால் பிஸ்டலை இழுக்கும்போது பாக்கெட்டிலேயே தங்க வேண்டும். வகுப்பில் ஒருவர் துணியாலான மலிவான உறையோடு வந்தார். இழுத்ததும் உறையும் சேர்ந்தே வந்துவிட்டது. ட்ரிகரை உறை மூடியிருக்க, பிஸ்டலை நீட்டிக்கொண்டு அவர் நின்ற முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. உறையில் கொக்கி போல ஒரு வளைவு இருந்தால், இழுக்கும்போது பாக்கெட் ஓரத்தில் அது மாட்டி உறையை நிறுத்திவிடும்.

அதே பாக்கெட்டில் சாவி, சில்லறை, பேனா, சூயிங் கம் எதுவும் கூடாது. பஞ்சு உருண்டை கூடச் சேரும், வாரம் ஒரு தடவை குழலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். (தோட்டாவை எடுத்துவிட்டு, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுத்தான்.)

திரும்ப உள்ளே வைப்பதில்தான் அதிகம் பேர் தப்பு செய்கிறார்கள். பாக்கெட்டுக்குள் இருக்கும் உறைக்குள் துப்பாக்கியைச் சொருகாதீர்கள். உறையை வெளியே எடுங்கள். கண்ணால் பார்த்துக்கொண்டே உள்ளே வையுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துப் பாக்கெட்டுக்குள் இறக்குங்கள். குழலின் வாய் உங்கள் கையையோ தொடையையோ பார்க்கக் கூடாது.

கேட்டி_குமரன்

சுகன்யா அக்கா, இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. எடுக்கும் முறையையும் கொஞ்சம் எழுதுங்களேன். இடது கையை உள்ளே விட்டுப் பிடித்தால், வெளியே வரும்போது முஷ்டி பாக்கெட் வாயில் மாட்டுகிறது.

சுகன்யா_பிளேனோ

முஷ்டி கட்டினால் மாட்டத்தான் செய்யும். விரல்களைச் சேர்த்து, கையைத் தட்டையாக்கி உள்ளே விடுங்கள். மூன்று விரல் பிடியைச் சுற்றட்டும். ஆள்காட்டி விரல் நேராக, உறைக்கு வெளியே. கட்டை விரலை மட்டும் சுற்றாமல், ஸ்லைடின் பின்முகத்தின் மேல் வையுங்கள். ரிவால்வர் என்றால் சட்டத்தின் (துப்பாக்கியின் உடல்பகுதி) பின்மேட்டின் மேல். அப்போது கை முஷ்டியாகாது, வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வெளியே வந்த பிறகு கட்டை விரல் அதன் இடத்துக்குப் போகும்.

உட்கார்ந்த நிலையில் முயன்று பாருங்கள், காருக்குள் குறிப்பாக. சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்தால் முன்பாக்கெட்டிலிருந்து எடுப்பது கிட்டத்தட்ட முடியாது. இதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

பயிற்சியெல்லாம் காலி துப்பாக்கியில், ஸ்னாப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டு, தோட்டா வேறொரு அறையில் இருக்கும்போது மட்டும்.

டல்லஸ்_தினேஷ்

எல்லோருக்கும் வணக்கம். எச்1பி விசாவில் இருக்கிறேன். அபார்ட்மெண்ட் பக்கத்தில் இரண்டு திருட்டு நடந்துவிட்டது. க்ரீன் கார்டு வைத்திருக்கும் ரூம்மேட் அவர் பெயரில் ஒரு எல்சிபி வாங்கித் தருகிறேன் என்கிறார். இது சரிவருமா?

பழைய_சார்ஜென்ட்

தம்பி, வேண்டாம். இப்போதே நிறுத்துங்கள். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற குறுகிய விலக்குகள் சில உண்டு, ஆனால் அவற்றை நம்பிக் கால் வைக்கும் முன் இமிக்ரேஷன் வக்கீலிடம் பேச வேண்டும், ஃபோரத்தில் கேட்டு முடிவெடுக்கக் கூடாது.

ரூம்மேட் செய்யப்போவது இன்னும் மோசம். கடையில் 4473 என்ற படிவத்தில், "உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா" என்று முதலிலேயே கேட்கும். உங்களுக்காக வாங்கிவிட்டு ஆம் என்று கையெழுத்துப் போட்டால் அது ஃபெடரல் குற்றம், அவர் க்ரீன் கார்டும் சேர்ந்து போகலாம். கதவுக்கு நல்ல டெட்போல்ட், ஜன்னலுக்குத் தடுப்புக் கம்பு, கேமரா, பெப்பர் ஸ்ப்ரே. இவற்றில் செலவழியுங்கள். க்ரீன் கார்டு வந்ததும் வாருங்கள், நானே ரேஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

டல்லஸ்_தினேஷ்

நன்றி அண்ணா. ரூம்மேட்டுக்கும் இதைக் காட்டிவிட்டேன். அவருக்கும் தெரியாது.

ராஜி_எடிசன் (நியூஜெர்சி)

லைசென்ஸை விடாமல் வைத்திருப்பதாகக் குமரன் சொன்னார். நல்ல காரியம். லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்ற மாநிலங்களில் பலருக்கும் தெரியாத ஒன்று, பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற ஃபெடரல் சட்டம். அந்த மாநிலம் கொடுத்த லைசென்ஸ் கையில் இருந்தால்தான் அதிலிருந்து விலக்கு. ஹூஸ்டன் பக்கம் எந்தத் தெருவில் போனாலும் ஒரு பள்ளி ஆயிரம் அடிக்குள் வந்துவிடும்.

எங்கள் ஊர்க் கதை வேறு. 2022-ல் சுப்ரீம் கோர்ட்டின் ப்ரூயன் தீர்ப்புக்குப் பிறகுதான் எங்களில் சாதாரண ஆட்கள் பெர்மிட் வாங்க முடிந்தது. இங்கே பெர்மிட் இருந்தாலும் ஹாலோ பாயிண்ட் தோட்டாவை வெளியே கொண்டுபோகத் தடை உண்டு. வீட்டில் வைக்கலாம், பாக்கெட்டில் கூடாது. டெக்சாஸ் ஆள் ஒருவர் உறவினர் கல்யாணத்துக்கு எடிசன் வரும்போது பாக்கெட் பிஸ்டலோடு வந்தால் அது பெரிய வழக்காகிவிடும். அவர் ஊர் லைசென்ஸை நியூஜெர்சி ஏற்காது.

பீனிக்ஸ்_பாலா

ராஜி அக்கா பயணம் பற்றிச் சொன்னதும் ஒன்று சொல்லியாக வேண்டும். சின்னத் துப்பாக்கியின் முதல் ஆபத்து, அது இருப்பதே மறந்துபோவதுதான். 2023-ல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பெரும்பாலும் தோட்டா நிரப்பியவை. அவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான், "பையில் இருப்பதே மறந்துவிட்டது".

ஊருக்குப் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையைச் சென்னைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். பையின் மடிப்பில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் அங்கே 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்குப் போடுவார்கள். நான் ரேஞ்சுக்கென்று தனி மஞ்சள் பை வைத்திருக்கிறேன், அது காரின் டிக்கியைத் தாண்டி வீட்டுக்குள் வருவதில்லை.

வீட்டுக்குள் என்னிடம் நடந்த ஒன்று. எழுத நாக்கு எழவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான்கு வருடம் முன்பு, வேலை முடிந்து களைத்து வந்து பேன்ட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். எல்சிபி உறையோடு பாக்கெட்டிலேயே இருந்தது. மனைவி துவைக்கப் போடலாம் என்று துணியை அள்ளினாள். பேன்ட் ஒரு பக்கமாகக் கனத்துத் தொங்கியதைப் பார்த்துவிட்டு, தொடாமல் என்னைக் கூப்பிட்டாள். ஆறு வயதுப் பையன் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தான். அவள் ஒரு சொல் திட்டவில்லை. அன்று இரவே எண் பூட்டுப் போட்ட சின்னப் பெட்டி ஆர்டர் செய்தேன். இப்போது கதவைத் திறந்து உள்ளே வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே துப்பாக்கி பெட்டிக்குள் போய்விடும்.

சுகன்யா_பிளேனோ

பாலா, இதை எழுதியதற்கு நன்றி. இடுப்புத் துப்பாக்கியைக் கழற்றுவது தனி வேலை, அதனால் நினைவிருக்கும். பாக்கெட் துப்பாக்கி உடையோடு சேர்ந்து கழன்றுவிடும். குமரன் வீட்டிலும் குழந்தைகள் இருந்தால், டெக்சாஸில் பதினேழு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் கைக்கு எட்டும்படி விடுவதே குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேட்டி_குமரன்

இரண்டு பெண்கள், ஒன்பது, பன்னிரண்டு. பெட்டியை இன்றே ஆர்டர் செய்துவிட்டேன், துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே.

ஒரு சந்தேகம். கெல்-டெக் பி-32 பிஸ்டல் ஒன்றைப் பழைய வாடிக்கையாளர் விற்கிறார். கையில் எடுத்தால் காற்று மாதிரி இருக்கிறது. அது?

முத்தையா_ஆஸ்டின்

6.6 அவுன்ஸ். இன்றைக்கும் அதைவிட லேசாக ஒழுங்கான பிஸ்டல் கிடைப்பது அரிது, 1999-ல் வந்ததாக இருந்தாலும். உதைப்பும் மெல்லியது. ஆனால் அதில் போடும் .32 ஏசிபி தோட்டாவின் அடியில் லேசான விளிம்பு ஒன்று இருக்கிறது. நீளம் குறைந்த ஹாலோ பாயிண்ட் போட்டால், மேகசினுக்குள் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் இறங்கி மாட்டிக்கொள்ளும். மேகசினைக் கழற்றிக் கம்பியால் நெம்பினால்தான் வரும். நான் ஒரு மத்தியானம் முழுக்க அப்படி நெம்பியிருக்கிறேன். ஃபுல் மெட்டல் ஜாக்கெட் (முனை மூடிய, விரியாத குண்டு) மட்டும் போட்டால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஆனாலும் உங்கள் தேவைக்கு நான் சொல்ல மாட்டேன்.

ராஜி_எடிசன்

ஒரு எதிர்க் கேள்வி. இரண்டாவது துப்பாக்கி உண்மையிலேயே வேண்டுமா? இரண்டுக்கும் பயிற்சி, இரண்டுக்கும் பூட்டு, இரண்டின் மேலும் கவனம். பின்கதவுக்கு மேலே வெளிச்சமான விளக்கும், வளைவுக் கண்ணாடியும் போட்டு, காரைக் கதவோரமாகவே நிறுத்தினால் அந்த நாற்பது அடி பத்தடியாகிவிடும். இன்னொருவர் கூட இருக்கும்போது மட்டும் கடையை அடைப்பது என்று வைத்துக்கொள்ளலாம். இடது கையில் பெப்பர் ஸ்ப்ரே வைத்தால், உதவி கேட்க வந்த அந்த மனிதர் போன்றவர்களிடம் தவறு நடந்தாலும் உயிர் போகாது. இதைச் சும்மா எழுதவில்லை. உங்கள் கதையில் வந்தவர் நல்லவர் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கேட்டி_குமரன்

அக்கா, என்னையும்தான். அந்த மனிதர் இப்போது எங்கள் வாடிக்கையாளர், காலையில் காபி வாங்க வருகிறார். விளக்கும் கண்ணாடியும் ஞாயிற்றுக்கிழமை போட்டாகிவிட்டது. காரும் கதவோரம் வந்துவிட்டது. பெப்பர் ஸ்ப்ரே சாவிக் கொத்தில் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் துப்பாக்கி வேண்டுமா என்று மூன்று நாள் யோசித்தேன். வேண்டும் என்றே தோன்றுகிறது. கடைசியாக எடுக்கும் பொருளாக.

பழைய_சார்ஜென்ட்

ராஜி அக்கா கேட்டது சரியான கேள்வி, குமரன் சொன்ன பதிலும் சரி. ரேஞ்சுக்குப் போனீர்களா?

கேட்டி_குமரன்

நேற்று போனேன். மூன்றை வாடகைக்கு எடுத்தேன், ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா. ஐந்து கஜம். முதல் இருபது இரண்டு கையால், மீதி முப்பதும் இடது கையால் மட்டும்.

பாடிகார்ட் 2.0: இரண்டு கையால் அருமை. மொத்தமும் என் உள்ளங்கை அளவு வட்டத்துக்குள். இடது கைக்கு மாறினதும் இரண்டு முறை காலித் தோட்டா ஸ்லைடில் வெளியேறும் இடத்திலேயே மாட்டி நின்றது. அருகில் இருந்த பயிற்சியாளர், "மணிக்கட்டு தளர்கிறது, சட்டம் பின்னால் போய்விடுகிறது, ஸ்லைடுக்கு முட்டுக் கிடைக்கவில்லை" என்றார். பிடியை இறுக்கினேன், சரியானது. ஆனால் இறுக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தால்தான் வருகிறது.

எல்சிபி மேக்ஸ்: அதே கதை, ஒரு முறை மாட்டியது. என் இடது கை சுண்டு விரல் தொங்கிக்கொண்டிருக்கிறது, பிடியில் இடமில்லை. கார் மெக்கானிக்காக இருந்தபோது அந்த விரல் ஒடிந்து சரியாகக் கூடவில்லை, வளைக்கும் பலம் குறைவு.

642: முதல் பத்துத் தோட்டாவில் முத்தையா அண்ணாவைத் திட்டினேன், மன்னிக்கவும். ட்ரிகர் ஒரு மைல் தூரம் வருகிறது, இழுக்கும்போதே வாய் கீழே இறங்குகிறது. பயிற்சியாளர் வாட்கட்டர் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். பிறகு ஒரு சங்கதி பிடிபட்டது. மெதுவாக இழுத்து நிறுத்தி நிறுத்திச் சுடக் கூடாது, ஒரே ஓட்டமாக இழுக்க வேண்டும், கிணற்றில் வாளி இழுக்கிற மாதிரி. கடைசி இருபதில் இடது கையால் மட்டும் சுட்டதில் பதினாறு வட்டத்துக்குள். ஒன்றுகூட மாட்டவில்லை.

பீனிக்ஸ்_பாலா

பதினாறு! இடது கையால்! குமரன், நான் தோற்றேன். உங்கள் கைக்கு ரிவால்வர்தான். ஆனால் அது உங்கள் சுண்டு விரல் சொன்ன பதில், எல்லோருக்கும் அல்ல.

முத்தையா_ஆஸ்டின்

திட்டினது போய்ச் சேர்ந்தது, பரவாயில்லை. இன்னும் சில விஷயம், வாங்கும் முன்.

கட்டை விரலை முன்னால் நீட்டிப் பிடிக்கும் க்ளாக் பழக்கம் உங்களிடம் இருக்கும். ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியிலிருந்து சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும். விரல் அங்கே போகக் கூடாது. இரண்டு கையால் சுடும்போது கட்டை விரலைக் கீழே மடக்கிக்கொள்ளுங்கள்.

வாட்கட்டர் முன்பக்கம் தட்டையாக இருப்பதால், அவசரத்தில் திரும்ப நிரப்பும்போது உருளை ஓட்டையில் இடிக்கும். அதனால் துப்பாக்கிக்குள் ஐந்து வாட்கட்டர், கையிருப்பாக ஸ்பீட் ஸ்ட்ரிப்பில் (தோட்டாக்களை வரிசையாகப் பிடிக்கும் பட்டை) உருண்டை முனைத் தோட்டா என்று வைத்துக்கொள்கிறேன். இருபத்தியிரண்டு வருடத்தில் ஸ்ட்ரிப்பைத் தொட வேண்டிய நிலை வரவில்லை.

ஹூஸ்டன் வேர்வை இரும்பைத் தின்னும். 642-ன் சட்டம் அலுமினியம், உருளையும் குழலும் ஸ்டெயின்லெஸ். ஆனாலும் வாரம் ஒரு முறை எண்ணெய்த் துணியால் ஒத்திவிடுங்கள். திருகுகளின் தலையில்தான் முதலில் செம்பழுப்பு வரும்.

பழைய_சார்ஜென்ட்

ஒன்று சேர்க்கிறேன், இது குமரனின் க்ளாக்குக்கு. தினமும் இரவில் சேம்பரிலிருந்து எடுத்துக் காலையில் அதே தோட்டாவைத் திரும்ப ஏற்றுகிறீர்களா? ஒவ்வொரு முறையும் முனையிலுள்ள குண்டு தோட்டாவின் கூட்டுக்குள் ஒரு மயிரிழை தள்ளப்படலாம். பெட்டியிலிருந்து புதுத் தோட்டா ஒன்றை எடுத்து மேஜையில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். உயரத்தில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள், உள்ளே அழுத்தம் கூடிவிடும்.

கேட்டி_குமரன்

இப்போதுதான் நிறுத்திப் பார்த்தேன் அண்ணா. பழையது ஒரு நகத்தின் தடிமன் குட்டையாக இருக்கிறது. ஒதுக்கிவிட்டேன், ரேஞ்சில் கொடுத்து அழிக்கச் சொல்கிறேன்.

642-க்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, வெள்ளிக்கிழமை எடுக்கப் போகிறேன். கொக்கி வைத்த தோல் உறையும் கூடவே. சாவிக் கொத்து வலது பாக்கெட்டுக்கு மாறிவிட்டது. அடுத்த ஒரு மாதம் காலித் துப்பாக்கியோடு வீட்டுக் கராஜில் தினமும் இருபது முறை இடது கையால் எடுத்துப் பழகுவேன். அது வரை பாக்கெட்டில் தோட்டாவோடு எதுவும் வராது. சுகன்யா அக்கா, பிளேனோ வகுப்பில் ஆண்களுக்கு இடம் உண்டா?

சுகன்யா_பிளேனோ

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கலப்பு வகுப்பு. உங்கள் மனைவியையும் கூட்டி வாருங்கள். பெட்டியின் எண் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், உள்ளே இருப்பதைப் பத்திரமாகக் காலி செய்யவும் தெரிந்திருக்க வேண்டும்.